மாமனுக்குச் சொல்லாத சேதி

வாயில்லாத ஜீவன் என்று ஒன்றுமே இல்லாத அந்தக் காலத்தில், எறும்புக்கும் பேச்சு உண்டு, எருமைக்கும் பேச்சு உண்டு. மனுஷர் பேசுகிறதைத்தான் மற்றதெல்லாம் பேசும். அப்போது கைப்பிள்ளைகள் விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ணை மூடினால், விடிந்து சேவல் கூப்பிடும்போதுதான் திறக்கும். நடுவில் ஒரு சிணுங்கல் கிடையாது. அம்மாக்களும் நன்றாகத் தூங்கினார்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்த அம்மா என்று ஒருத்தியைக்கூடப் பார்க்க முடியாது.

அதற்குக் காரணம் தேவாங்கு.

இப்போது காட்டில் இருக்கிற தேவாங்கு மாதிரி இல்லை அது. அப்போது அதற்குக் கண் குன்றிமணி அளவுதான். கண்ணைச் சுற்றிக் கறுப்பும் கிடையாது. பகலெல்லாம் விழித்திருந்து, ராத்திரி நம்மைப் போலத் தூங்கும். நடை மட்டும் அப்போதும் மெதுவுதான். ஒரு கிளையிலிருந்து பக்கத்துக் கிளைக்கு வருவதற்குள் நாம் ஒரு படி அரிசி புடைத்துவிடலாம். ஆனால் கைப்பிடி கெட்டி. ஒன்றைப் பிடித்ததென்றால் விடாது.

அந்தப் பிடிதான் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது. பிள்ளையின் கைகால் இருக்கிறதே, அது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் சும்மா இருக்காது. அதையே செய்து செய்து பார்க்கும். ராத்திரி, பகல் என்று அதற்குத் தெரியாது. அதனால் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேவாங்கு சாயங்காலமாக வரும். அன்றைக்குப் பிள்ளை புதிதாக என்ன செய்தது என்று அம்மாவிடம் கேட்கும். அம்மா சொல்லுவாள். சொன்னதும் அந்தக் கையையோ காலையோ தடவி, புது வித்தையை, முன்னால் சொன்ன பழையவற்றோடு சேர்த்து, அப்படியே தன் உள்ளங்கையில் வாங்கி மூடிக்கொள்ளும். ராத்திரி முழுக்க மூடின கையைத் திறக்காது. விடிந்ததும் பிள்ளையின் மேல் திறந்து, வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும்.

அம்மா வாயால் சொன்னால்தான் எடுக்க முடியும். அது ஒன்றுதான் முறை.

கடவு மலைக்குக் கீழே, உசிலை மரங்கள் நிறைந்த காட்டோரத்தில் ஆறு வீடுகள் இருந்தன. கடைசி வீட்டில் சிட்டம்மா என்று ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அவள் புருஷன் மாசாணம் மலையில் தேன் எடுப்பவன். அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பவுனு என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளையைத் தூளியில் போடுகிற நாள் வந்தது. தூளிக்கு முடிச்சுப் போட வேண்டியது தாய்மாமன். சிட்டம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அவர்கள் வீட்டு உசிலை மரத்தில் இருந்த தேவாங்கு, "நான் வந்து கட்டட்டுமா, தங்கச்சி?" என்று கேட்டது.

அதற்கு ஜோடியும் இல்லை, குட்டியும் இல்லை. தனியாள். காலையில் கேட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தது. மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவர்கள் பந்தி முடித்துக் கை கழுவிவிட்டார்கள். மாசாணம் அண்ணாந்து பார்த்து, "மச்சான், பிள்ளை நடக்கிறதுக்குள்ள வந்து சேர்ந்துடுவீங்களா?" என்று கேட்டான்.

"வர்றேன் மாப்ளே. அவசரமா கட்டின முடிச்சு அவசரமா அவுந்துடும்" என்றது தேவாங்கு.

வீட்டுச் சாய்ப்புக்குள் நீட்டிக்கொண்டிருந்த கிளையில் சேலையைப் போட்டு, அது ஒரு முடிச்சுப் போட்டது. உள்ளே இரண்டு சுற்று, வெளியே ஒரு சுற்று, நுனியைத் திருப்பி உள்ளே சொருகினது. அந்த மாதிரி முடிச்சை அந்த ஆறு வீட்டிலும் யாரும் பார்த்ததில்லை. மாசாணம் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. அன்றைக்குச் சிட்டம்மா முதல் தடவையாக அதை வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் தேவாங்கு தூளிக்கு மேலே வந்து உட்காரும்.

"மருமக இன்னைக்கு என்ன கத்துக்கிட்டா?"

"கையை வாயில வச்சுக்கிட்டா அண்ணே."

"அடி சமத்து!" கையைத் தடவி மூடிக்கொள்ளும்.

இன்னொரு நாள், "கழுத்து நின்னுடுச்சு அண்ணே" என்பாள். வேறொரு நாள், "காலை உதைக்கிறா. சேலையே கிழிஞ்சுடும் போல."

"உதைக்கட்டும், உதைக்கட்டும். நாளைக்குப் பெரியவளானா, சீர் பத்தலைன்னு மாமனை உதைக்கப் போறா. நான் எங்க போவேன்? நாலு வெட்டுக்கிளியும் ஒரு பொன்வண்டும்தான் கொண்டு வரமுடியும்."

சிட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிள்ளை தூங்கும். தேவாங்கு ஒரு கையால் கிளையைப் பிடித்து, ஒரு கையை மூடி, அதற்கு மேலேயே தூங்கும். அண்ணன் மேலே இருக்கிறது என்று அவளும் தூங்குவாள்.

இப்படி நாலு மாதம் போனது.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் பகலில், சிட்டம்மா சாய்ப்பில் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். பவுனு பக்கத்தில் பாயில் மல்லாந்து கிடந்தாள். காலைத் தூக்கினாள், இடுப்பை ஒருக்களித்தாள், முக்கினாள், முகமெல்லாம் சிவந்தது. பிறகு சட்டென்று கவிழ்ந்தாள். தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். தான் செய்ததா இது என்று அவளுக்கே ஆச்சரியம்.

சிட்டம்மா கையிலிருந்த கல்லைப் போட்டுவிட்டு ஓடி, பிள்ளையை வாரி எடுத்தாள். "குப்புற விழுந்துட்டா! என் பொன்னு குப்புற விழுந்துட்டா!"

புளியங்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்த பெட்டைக்கோழி தலையை நிமிர்த்தியது. "சத்தம் போடாதடி. யாருக்குக் கேக்கப் போகுதோ."

"கேட்டா என்ன கோழியக்கா?"

"என்னவா? போன வருசம் ஒன்பது குஞ்சு பொரிச்சேன். பொரிச்சுட்டேன், பொரிச்சுட்டேன்னு ஊரெல்லாம் கேக்கக் கத்தினேன். ஒன்பதும் உருண்டை உருண்டையா மஞ்சளா அப்படி ஒரு அழகு. பருந்து பார்த்துச்சு. ஒன்பதும் போச்சு. ஒத்தைக் குஞ்சு மிஞ்சல." கோழி கொஞ்ச நேரம் தரையைக் கிளறாமல் நின்றது. "சந்தோசத்தை வெளியில சொல்றதுக்கு முன்னாடி, கேக்குற கண்ணு எப்படிப்பட்ட கண்ணுன்னு பார்க்கணும்."

"நான் வேற யாருகிட்ட சொல்லப் போறேன்? எங்க அண்ணன்கிட்டதான் சொல்லுவேன்."

"அதைத்தாண்டி சொல்றேன். அதுக்குக் குட்டி உண்டா, குளுவான் உண்டா? பிள்ளை இல்லாத கண்ணு. ஏங்கிப் பார்க்கிற கண்ணு. அது நல்லதுதான். வேணும்னு செய்யாது. ஆனா கண்ணு சொன்ன பேச்சு கேக்குமா? கழுத்து நின்னதைச் சொன்னே, காலை உதைச்சதைச் சொன்னே, சரி. இது பிள்ளை தன் உடம்பையே புரட்டின மொதப் பெரிய வித்தை. இதை மட்டும் சொல்லாத."

கோழி கெட்டது இல்லை. ஒன்பதைப் பறிகொடுத்தது. அதன் பயம் அதற்கு நிஜம். சிட்டம்மாவுக்கு ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பயம் அவளுக்குள்ளும் இறங்கிவிட்டது.

மாசாணம் தேனோடு வந்ததும் மெதுவாகச் சொன்னாள். அவன் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினான். "மச்சான்கிட்ட சொல்லிட்டியா?"

"நீங்க வாயைத் திறக்காதீங்க. ரெண்டு நாள் போகட்டும்."

"அது நம்ம மச்சான்டி."

"பிள்ளை மேல சத்தியம். சொல்லக் கூடாது."

அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளை மேல் சத்தியம் என்றதும் பேசாமல் இருந்துவிட்டான்.

சிட்டம்மா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து உரசி, பவுனுவின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அதற்கு முன்னால் அந்த வீட்டில் கண்ணேறுக்கென்று பொட்டு வைத்ததே இல்லை.

சாயங்காலம் தேவாங்கு வந்தது.

"மருமக இன்னைக்கு என்ன கத்துக்கிட்டா?"

சிட்டம்மா தூளியின் சேலையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள். "இன்னைக்கு ஒண்ணும் இல்லண்ணே."

"ஒண்ணுமே இல்லையா? சரி, ஒரு நாள் ஓய்வு எடுக்கட்டும். அதென்ன கன்னத்துல?"

"அடுப்புக் கரி. பட்டுடுச்சு."

"அடடா, முகத்துல போய்." தேவாங்கு கிளையில் தலைகீழாகத் தொங்கி, பிள்ளைக்கு வலிக்காமல் கட்டைவிரலால் அந்தக் கரியைத் துடைத்துவிட்டது. கொஞ்சம்கூட மிச்சமில்லாமல் துடைத்தது. பிறகு பழைய வித்தைகளை ஒவ்வொன்றாகக் காலிலிருந்தும் கையிலிருந்தும் வாங்கி மூடிக்கொண்டு தூங்கப் போனது.

சிட்டம்மா வெறும் கன்னத்தைப் பார்த்தாள்.

அன்று ராத்திரிதான், உலகத்தில் முதல் தடவையாக, ஒரு கைப்பிள்ளை நடுச்சாமத்தில் எழுந்தது.

வாங்காமல் விட்ட வித்தை பிள்ளையின் இடுப்பிலேயே இருந்தது. அது தூங்கவில்லை. தூக்கத்திலேயே பவுனுவைக் கவிழ்த்துப் போட்டது. கவிழத் தெரிந்த பிள்ளைக்குத் திரும்ப மல்லாரத் தெரியவில்லை. தூளிக்குள் மூக்கு அழுந்தி வீறிட்டாள். சிட்டம்மா ஓடிப் போய்த் திருப்பிப் போட்டாள். கண்ணசந்தாள். பிள்ளை மறுபடி கவிழ்ந்தது. மறுபடி அழுகை. விடிவதற்குள் ஏழு தடவை.

காலையில் தேவாங்கின் முகம் வாடியிருந்தது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "என் பிடி தளர்ந்துபோச்சு போலிருக்கு தங்கச்சி. எதையோ நழுவ விட்டுட்டேன். இத்தனை காலத்துல இப்படி ஆனதில்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். "உங்க மேல தப்பு இல்லண்ணே" என்ற அந்த ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

"பல்லு முளைக்குது போலண்ணே" என்றாள் சிட்டம்மா.

அடுத்த சாயங்காலமும் கேட்டது. அப்போதும் சிட்டம்மா ஒன்றுமில்லை என்றாள். கன்னத்தில் வைத்த கரியை அன்றும் அது துடைத்துவிட்டது. ஆனால் அன்று அது தூங்கவில்லை. எது நழுவுகிறது என்று கண்டுபிடிக்காமல் தூங்கக் கூடாது என்று உட்கார்ந்துகொண்டது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை இன்னும் கொஞ்சம் திறந்தது. அப்போதும் தெரியவில்லை. இன்னும் திறந்தது. தூக்கம் வந்து சொருகியபோதெல்லாம் கட்டைவிரலால் கண்ணைத் தேய்த்துவிட்டுக்கொண்டது. விரலில் இருந்த கரி கண்ணைச் சுற்றி ஏறியது. அது அதற்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் அதன் கண் நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்திருந்தது. சுற்றிலும் கறுப்பு. தூளிக்குள்ளே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

கோழி சிட்டம்மாவின் காலடியில் வந்து, "பார்த்தியாடி? நான் என்ன சொன்னேன்? எப்படி முழிச்சுப் பார்க்குது பார். இந்தக் கண்ணுலதான் உன் பிள்ளை தூங்காம தவிக்குது" என்றது.

சிட்டம்மா தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளைக்குத் தூக்கம் இல்லாமல் முகம் சுருங்கிப்போயிருந்தது. பால் குடிக்கும்போதே அழுதது. இவளுக்கும் நின்றால் கிறுகிறுப்பு வந்தது. தூக்கம் கெட்ட மூளைக்கு எது காரணம், எது விளைவு என்று தெரியவில்லை. அண்ணன் பார்ப்பதால்தான் பிள்ளை தூங்கவில்லை என்று நினைத்தாள். பிள்ளை தூங்காததால்தான் அண்ணன் பார்க்கிறது என்று தோன்றவே இல்லை.

நாலாம் ராத்திரி வந்தது. சாய்ப்பின் மூலையில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிட்டம்மா தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். மாசாணம் வாசல்பக்கம் படுத்திருந்தான்.

பவுனு தூளிக்குள் கவிழ்ந்தாள். கவிழ்ந்த வேகத்தில் சேலை ஒருபக்கம் சுருண்டது. இன்னொரு தடவை முக்கினாள். உடம்பு தூளியின் விளிம்புக்கு வந்துவிட்டது. கீழே கொட்டை தட்டுகிற கல் கிடந்தது.

பிறந்ததிலிருந்து அவசரப்பட்டே அறியாத தேவாங்கு, அன்று ஒரே ஒரு தடவை அவசரப்பட்டது. காலால் கிளையைக் கவ்வித் தலைகீழாகப் பாய்ந்தது. ஒரு கை போதவில்லை. ராத்திரியில் என்றைக்கும் திறக்காத மூடின கையையும் திறந்து, இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

திறந்த கையிலிருந்து அத்தனையும் கொட்டியது. கை சூப்புவது, கால் உதைப்பது, சிரிப்பது, கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது எல்லாம் ஒரே நேரத்தில் பிள்ளைக்குள் போய்ச் சேர்ந்தன. இருட்டில் பவுனு மாமன் கையில் தொங்கிக்கொண்டே கலகலவென்று சிரித்தாள், உதைத்தாள். பிறகு அந்தக் கைக்குள்ளேயே இடுப்பை முறுக்கிக் கவிழ்ந்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

தேவாங்கு தன் கைக்குள் கிடந்த பிள்ளையைப் பார்த்தது. அதன் முகம் மலர்ந்துபோனது. "குப்புற விழுறாளா! தங்கச்சி, இங்க பாரு, மருமக குப்புற விழுறா!"

தேவாங்கு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. மலர்ந்த முகம் மெல்ல மெல்ல மாறியது.

"எத்தனை நாளாச்சு?"

சிட்டம்மா தலையைக் குனிந்தாள். மாசாணம்தான் சொன்னான். "நாலு நாளாச்சு மச்சான்."

"நாலு நாளா நான் என் கையையில்ல சந்தேகப்பட்டேன்." அப்போதும் அதற்குக் கோபம் வரவில்லை. பிள்ளையைப் பத்திரமாகத் தாயின் மடியில் விட்டது. "சரி, மறந்திருப்பே. இப்ப சொல்லு, எடுத்துடறேன். பாவம், பிள்ளை தூங்கட்டும்" என்று கையை நீட்டிக்கொண்டு குனிந்து பார்த்தது.

விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண் இரண்டும் பெரிதாக, வெகு பக்கத்தில் வந்தன. சிட்டம்மா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடிவிட்டாள்.

நீட்டின கை அப்படியே நின்றது.

தேவாங்கு அந்த முந்தானையைப் பார்த்தது. பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தது. விரல் கறுப்பாக இருந்தது.

"அப்ப அது அடுப்புக் கரி இல்லையா, தங்கச்சி?"

சிட்டம்மா முந்தானையை விடவில்லை.

"பிள்ளை இல்லாத கண்ணுன்னு பயந்துட்டே." தேவாங்கு மெதுவாகத்தான் பேசியது. "எனக்குப் பிள்ளை இல்லைன்னு நான் நினைச்சதே இல்ல. இவ இருக்காளேன்னு இருந்தேன்."

அது திரும்பி ஏற ஆரம்பித்தது.

அது எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கை வைத்து, நின்று, இன்னொரு கை வைத்து, நின்று. சாய்ப்பிலிருந்து மரத்துக்குப் போகவே ஒரு சாமம் ஆனது. அடிமரத்திலிருந்து உச்சிக்குப் போக இன்னொரு சாமம். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரத்தில்தான் அத்தனை நேரமும் இருந்தது. "அண்ணே, தப்பா நினைச்சுட்டேன்" என்று சொல்லியிருந்தால் அதே மெதுவோடு திரும்பி வந்திருக்கும். மாசாணம், "கூப்பிடுடி, கூப்பிடு" என்று தோளைத் தொட்டுச் சொன்னான். சிட்டம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கம் அவளைக் கூப்பிட விடவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்தது. விடிந்தபோது உசிலை மரம் வெறுமையாக நின்றது.

அதற்குப் பிறகு தேவாங்கு மனுஷரோடு பேசவில்லை. நடந்ததை அது யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் காட்டில் மற்றத் தேவாங்குகள் அதன் கண்ணைப் பார்த்தன, சுற்றியிருந்த கரியைப் பார்த்தன. கேட்காமலே புரிந்துகொண்டன. ஒவ்வொரு வீட்டுக் கிளையிலிருந்தும் ஒவ்வொன்றாக ஏறிக் காட்டுக்குள் போய்விட்டன. பிள்ளை இருந்த வீடுகளில் எல்லாம் ராத்திரி அழுகை கேட்க ஆரம்பித்தது.

சிட்டம்மாவுக்கு அந்த அழுகை ஒவ்வொன்றும் தன்னைக் கேட்பது போல இருந்தது.

மறுநாள் காலையில் அவள் அரிசியை ஊறப்போட்டு இடித்தாள். வெல்லம் நுணுக்கி, மலைத்தேன் கொஞ்சம் விட்டு, கொழுக்கட்டை பிடித்து வேகவைத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று உரக்கச் சொன்னாள்.

"என் பிள்ளை குப்புற விழுந்துட்டா. கொழுக்கட்டை எடுத்துக்குங்க. எல்லாருகிட்டயும் சொல்லுங்க."

காக்கைக்கும் கொடுத்தாள். அணிலுக்கும் கொடுத்தாள். கோழி பின்னாலேயே ஓடி வந்தது. "என்னடி, ஊருக்கே தண்டோரா போடறே? கண்ணு படாதா?"

"படட்டும் அக்கா. பட வேண்டிய கண்ணுல படட்டும்."

கோழி நின்றுவிட்டது. தனக்குக் கொடுத்த கொழுக்கட்டையையும் தின்னவில்லை. "நான் நல்லதுக்குன்னுதான்டி சொன்னேன்" என்று மட்டும் முணுமுணுத்தது.

கடைசிக் கொழுக்கட்டையை உசிலை மரத்தடியில் வைத்தாள். சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. பிறகு எறும்பு மொய்த்தது.

அன்று ராத்திரியும் பிள்ளை கவிழ்ந்து அழுதது. மறுநாளும் அழுதது. இப்போது தூளிக்குப் பதில் தரையில் பாய் போட்டு, பக்கத்தில் கையைப் போட்டபடி படுத்தாள் சிட்டம்மா. பிள்ளை கவிழும்போதெல்லாம் கோபமில்லாமல் எழுந்து திருப்பிப் போட்டாள். பகலில் பாயில் விட்டு, மல்லாந்து திரும்புவதற்கும் பழக்கினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

கொழுக்கட்டை கொடுத்த ஆறாம் நாள் அவள் விடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். பதறி எழுந்தாள். பவுனு போட்டது போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. சிட்டம்மா அண்ணாந்து பார்த்தாள்.

பிள்ளை முறுக்கி முறுக்கித் தளர்ந்துபோயிருந்த தூளி முடிச்சு, புதிதாகக் கட்டியிருந்தது. உள்ளே இரண்டு சுற்று, வெளியே ஒரு சுற்று, நுனி திருப்பி உள்ளே சொருகியிருந்தது.

மாசாணம் வந்து தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிட்டம்மா அந்த முடிச்சில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

அம்மா சொல்லாமல் எடுக்க முடியாது என்பது முறை. ஆனால் சொல்லாததையும் தேடிக் கண்டுபிடித்து எடுக்கலாம் என்று மாமன் கற்றுக்கொண்டிருந்தது. தேடத்தான் நாளாகிறது. இருட்டில், தூரத்திலிருந்து, பிள்ளையின் உடம்பில் எது புதிது என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் அசந்த பிறகுதான் வர வேண்டும். மெதுவாக இறங்கி, விடிவதற்குள் மெதுவாக ஏற வேண்டும்.

பவுனு தவழ்ந்தபோது, சிட்டம்மா சாயங்காலமே காட்டோரம் போய் நின்று, "அண்ணே, மருமக தவழ்றா! கேக்குதா அண்ணே?" என்று கத்தினாள். காட்டுக்குள்ளே வெகுதூரம் போய்விட்ட மாமனுக்கு அது எட்டவில்லை. அன்று ராத்திரி பிள்ளை தூக்கத்திலேயே நாலு காலில் எழுந்து, சுவரில் முட்டி அழுதது. ஐந்து ராத்திரி கழித்துத் தூங்கியது.

பவுனு பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றபோது இன்னும் மோசம். நடுச்சாமத்தில் தூளிச் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். உட்காரத் தெரியாது. கால் நடுங்க நடுங்க நின்றபடியே அழுவாள். சிட்டம்மா எழுந்து, "மாமனுக்கு இன்னும் தெரியலடி. தெரிஞ்சதும் வந்து வாங்கிக்கும். அதுவரைக்கும் அம்மாகிட்ட வா" என்று உட்கார வைப்பாள். அவள் படுத்ததும் பிள்ளை மறுபடி எழுந்து நிற்கும்.

எத்தனையோ ராத்திரி அவள் தூங்காமல் காத்திருந்து பார்த்தாள். ஒரு தடவையாவது நேரில் பார்த்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். ஆனால் அவள் விழித்திருக்கிற ராத்திரியில் அது வராது. தூங்கிவிட்ட ராத்திரியில் வந்து போயிருக்கும். சொல்ல வேண்டிய வார்த்தை அவளிடமே தங்கிவிட்டது.

அன்றிலிருந்துதான், பிள்ளை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்து வீடு வீடாகக் கொடுத்து எல்லாருக்கும் தெரியச் சொல்கிறோம். அப்படியும் சேதி காட்டுக்குள் எட்டாததால், கவிழவோ தவழவோ நிற்கவோ புதிதாகக் கற்ற பிள்ளை நாலைந்து ராத்திரி தானும் தூங்காமல் அம்மாவையும் தூங்கவிடாமல் எழுந்து எழுந்து அதையே செய்து பார்க்கிறது. அந்த நாலைந்து ராத்திரியும் உசிலங்காட்டில் கரி படிந்த பெரிய கண்ணை விழித்துக்கொண்டு, மருமகள் இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாள் என்று தாய்மாமன் தேடிக்கொண்டிருக்கிறது.